போவதா, தாங்குவதா?

முழுநேர ஊழியத்துக்குப் போவதா, வேலையில் இருந்தபடியே காணிக்கையால் ஊழியத்தைத் தாங்குவதா என்று நெல்லைக் கிறிஸ்தவச் சபை வாலிபர்கள் கேட்பதுண்டு. போவதற்கு நெல்லை மாவட்டத்து டோனாவூரே சாட்சி. 1895-ல் இந்தியா வந்த அயர்லாந்து மிஷனரி ஏமி கார்மைக்கேல் ஒருமுறைகூட தாய்நாடு திரும்பவில்லை. 1931-ல் விழுந்து அடிபட்டபின் பெரும்பாலும் படுக்கைதான். 1951-ல் அங்கேயே மறைந்தார். கல்லறைமேல் பறவைத் தொட்டி, அதில் ‘அம்மா’ என்ற எழுத்து மட்டும்.

தாங்குவது லேசு என்று நினைப்பவர்கள் அதையும் ஒழுங்காகச் செய்வதில்லை, என் கணக்கில். 1903-ல் நெல்லையில் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கம் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஊழியர் அனுப்பியது இவ்வூர்க் காணிக்கையில். உலையில் போடுமுன் ஊழியத்துக்கென்று ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் எடுத்துவைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அரிசி விலை ஏறினாலும் அந்தப் பிடி சுருங்கக்கூடாது. அங்கேதான் பலர் தடுமாறுவோம். சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான வெள்ளாளன்விளை அசரியாவோ, 1909-ல் தாமே தோர்ணக்கல்லுக்குக் கிளம்பிவிட்டார்.