மூன்று ஸ்பூன், ஒரு குளிர்காலம்: சிம்கோவிலும் குவின்டேயிலும் போட்டுப் பார்த்தது

ஒன்டாரியோவில் சிம்கோ ஏரியிலும் குவின்டே விரிகுடாவிலும் ஐஸில் ஓட்டை போட்டு, பேர்ச், பிக்கரல் என்ற இரண்டு மீனுக்கும் மூன்று ஸ்பூன் தூண்டில்களைப் போட்டுப் பார்த்தேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேர்ச் மட்டும் போதும் என்றால் ஸ்வீடிஷ் பிம்பிள் வாங்குங்கள், பிக்கரலும் வேண்டும் என்றால் கூடவே நார்த்லேண்டின் பக்‌ஷாட். காஸ்ட்மாஸ்டருக்கு என் கணக்கில் மூன்றாவது இடம், ஆனாலும் பெட்டியை விட்டு அதை எடுக்க மாட்டேன். அவசரக்காரர்கள் இதோடு கடைக்குப் போகலாம். மற்றவர்கள் கொஞ்சம் இருங்கள், ஏனென்றால் நல்ல ஸ்பூனை வைத்துக்கொண்டே இரண்டு குளிர்காலம் வெறுங்கையோடு ஸ்காபரோவுக்குத் திரும்பி வந்தவன் நான், குற்றம் முழுக்க என் மணிக்கட்டில்தான் இருந்தது.

இதில் இறங்காதவர்களுக்கு ஒரு வரி: ஸ்பூன் என்பது விரல் நீளம்கூட இல்லாத உலோகத் துண்டு, அடியில் முள் தொங்கும். உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு நேர் கீழே இறக்கி, தூக்கித் தூக்கி விட்டால் அடிபட்ட குஞ்சு மீன் மாதிரி மினுங்கிக்கொண்டு விழும். அப்புறம், புத்தகத்தில் வால்ஐ என்று போட்டிருக்கும் மீனுக்கு ஒன்டாரியோவில் எல்லார் வாயிலும் பிக்கரல் என்றுதான் பெயர், நானும் அப்படியே எழுதுகிறேன்.

ஊரில் புழுவைக் கோர்த்துப் போட்டுவிட்டுத் தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து பழகிய கை இது. ஸ்பூன் கிடைத்ததும் நேர் எதிராகப் போய்விட்டது, ஓயாமல் ஆட்டுவேன், பக்கத்து ஓட்டைக்காரர் பார்த்துச் சிரிக்கும் அளவுக்கு ஆட்டுவேன். நீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிகவும் கனமாக இருக்கும், அதனால் குளிர்காலத்தில் ஏரியின் அடியில்தான் கொஞ்சமாவது சூடு, மேலே ஐஸுக்கு ஒட்டினாற்போல் பூச்சியம். அந்தக் குளிரில் மீனுக்கு உடம்பே மெதுவாகத்தான் ஓடும். தலைதெறிக்க ஓடுகிற ஒன்றை அது துரத்தாது. பாதிக்கு மேற்பட்ட கடி எனக்கு ஸ்பூன் விழும்போதோ, விழுந்து சும்மா நிற்கும்போதோதான் கிடைத்திருக்கிறது. ஆகவே ஒரு ஸ்பூனை நான் இப்போது பார்ப்பது எப்படி விழுகிறது, நிறுத்தினால் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்ற இரண்டை வைத்துத்தான்.

ஸ்வீடிஷ் பிம்பிள். பெயரில்தான் சுவீடன், செய்வது மிச்சிகனில் கிளாட்ஸ்டோன் என்ற ஊரில். ஒல்லியான உடம்பு, பட்டை தீட்டினாற்போல் முகங்கள், அதனால் லேசாக அசைந்தாலே வெளிச்சம் தெறிக்கும். நேராக இறங்கும், நிறுத்தினால் உடனே நிற்கும், பேர்ச்சுக்கு வேண்டியது இதுதான். சிம்கோவின் தெற்கு மூலையில் குக்ஸ் பே, ஆழம் அதிகம் இல்லை, களைகள் நிறைந்த இடம், அங்கே சின்ன அளவுதான் போடுவேன். தரை வரைக்கும் இறக்கி இரண்டு மூன்று தடவை தட்டினால் சேறு புகை மாதிரி கிளம்பும், புழு கிண்டுகிறது என்று நினைத்தோ என்னவோ கூட்டமே எட்டிப் பார்க்கும். உடனே ஒரு சாண் மேலே தூக்கி நிறுத்திவிட வேண்டும். ராட், அதாவது தூண்டில் கம்பு, அதன் நுனியை மட்டும் குளிரில் நடுங்குகிற மாதிரி ஆட்டினால் போதும், அதற்கு நடிப்பு வேறு தேவையில்லை. முள்ளில் ஒன்றிரண்டு மாகட், அதாவது ஈப்புழு, கோர்த்துக்கொள்ளுங்கள். பேர்ச் வெடுக்கென்று இழுக்காது, நூல் சற்றுத் தளர்ந்தாலும் அது கடிதான், தூக்குங்கள்.

பக்‌ஷாட் வேறு ஆள். முதுகில் பித்தளைக் குழல், உள்ளே குண்டுமணிகள், ஆட்டினால் கலகலக்கும். பே ஆஃப் குவின்டேயில் தண்ணீர் கலங்கிய நாளிலும் பொழுது சாயும் நேரத்திலும் இந்தச் சத்தத்துக்குத்தான் காசு. பிக்கரலின் கண்ணுக்குள்ளே ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு, பூனைக் கண் மாதிரி, அரையிருட்டில் மற்ற மீன் தடுமாறும்போது அதற்கு வேட்டை நேரம். அந்தி வந்ததும் ஒளிரும் நிற ஸ்பூனுக்கு டார்ச் காட்டி இறக்குவேன். 7 கிராம் அளவு, அதாவது கால் அவுன்ஸ், எனக்குத் தோது. முதலில் ஒரு முழம் தூக்கி இரண்டு தடவை விழவிடுவது, அது தூரத்தில் இருப்பதைக் கூப்பிட. விழும்போது ராட் நுனியையும் கூடவே இறக்க வேண்டும், ஒரேயடியாக நூலைத் தளரவிட்டால் கடித்தது தெரியாமலே போகும். அப்புறம் பத்து எண்ணும் வரை அசையாதீர்கள். ஃபிளாஷரில், அதாவது கீழே நிற்கும் மீனைக் கோடாகக் காட்டும் சோனார் கருவியில், மீன் கோடு தெரிந்ததும் பெரிதாகத் தூக்கினால் கதை முடிந்தது, கோடு அப்படியே கரைந்துவிடும். மெல்ல, மிக மெல்ல மேலே எடுங்கள், கூடவே அதுவும் ஏறினால் பசியோடு இருக்கிறது என்று அர்த்தம். மினோ என்ற பொடி இரைமீனின் தலையை மட்டும் நறுக்கி மூன்று முள்ளில் ஒன்றில் குத்துவேன், முழு மீனைக் கோர்த்தால் ஸ்பூன் கல் மாதிரி விழுகிறது. மணிச்சத்தம் எப்போதும் நல்லது என்று எண்ண வேண்டாம், தெளிந்த நீரில் அமைதியான நண்பகலில் அதற்கே மீன் விலகிப் போவதையும் ஃபிளாஷரில் பார்த்திருக்கிறேன்.

காஸ்ட்மாஸ்டர் திடப் பித்தளை, அளவுக்கு மீறிய கனம், சரசரவென்று இறங்கும். பேர்ச் கூட்டம் ஓட்டைக்குக் கீழே நிற்பது சில நிமிடம்தான், ஒன்றைக் கழற்றிவிட்டு அடுத்தது இறங்குவதற்குள் போய்விடும், அந்த நேரத்தில் இதன் வேகம் கைகொடுக்கும். நான் இதன் முள்ளைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் இரண்டு அங்குல நூலும் அதன் நுனியில் குட்டி ஜிக்கும் (தலையில் கனம் வைத்த முள்) கட்டுவேன். மினுக்கம் மேலே, தின்பண்டம் கீழே. கடிக்க மனமில்லாமல் முறைத்துக்கொண்டு நிற்கிற பேர்ச்சுக்கு இதைவிட நல்ல மருந்து நான் பார்க்கவில்லை. அப்படியே முள்ளோடு போட்டால் என் கைக்கு அது சுமார்தான்.

இனி வயிற்றெரிச்சல். இருபது ஸ்பூன் மலிவு விலை என்று இணையத்தில் ஒரு பாக்கெட் வாங்கினேன், பெயரே இல்லாத சரக்கு. இரண்டாம் நாளே பெயின்ட் உரிந்தது, அது பரவாயில்லை. ஓட்டையின் வாய் வரைக்கும் வந்த ஒரு பிக்கரல், தலை வெளியே தெரிகிறது, முள் நிமிர்ந்து கம்பியாகிப் போனது. கையை விட்டுத் துழாவியதில் கோட்டின் கை முழங்கை வரை நனைந்து உறைந்ததுதான் மிச்சம். ஸ்பூனில் மிச்சம் பிடிக்கிறவர்கள் முள்ளையாவது நல்லதாக மாற்றிவிடுங்கள்.

நூலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேர்ச்சுக்கு 4 பவுண்டு, பிக்கரலுக்கு 6 பவுண்டு தாங்கும் ஃபுளோரோகார்பன் நூல் போதும். ஐஸ் மேல் போடும் குடிசைக்கு வெளியே பின்னல் நூல் வேண்டாம், தண்ணீரை உறிஞ்சி ராட் வளையத்திலேயே உறைகிறது. ஸ்பூன் சுழன்று சுழன்று நூலை முறுக்கும், ஒரு முழம் மேலே சின்ன சுவிவல் (சுழலும் இணைப்பு வளையம்) போட்டால் தீர்ந்தது.

விலை ஒவ்வொன்றும் பத்து டாலருக்குள்ளேதான், முதல் இரண்டிலும் இரண்டிரண்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஓட்டையின் விளிம்பில் அறுந்து ஒன்றாவது ஏரிக்குக் காணிக்கையாகப் போகும். சிம்கோவில் ஸ்போர்ட் லைசென்ஸ் இருந்தால் ஒரு நாளைக்கு 50 பேர்ச் வரை வைத்துக்கொள்ளலாம், கன்சர்வேஷன் என்ற இன்னொரு வகை லைசென்ஸுக்கு 25. ஐம்பதையும் பிடித்துக்கொண்டு வந்தீர்கள் என்றால் இரவு பத்து மணிக்கு அதையெல்லாம் செதில் உரித்து வெட்டப் போவது யார் என்று வீட்டில் முன்கூட்டியே பேசி வையுங்கள்.