பறவை பார்ப்போர் தினமும் திறக்கும் தளங்கள்: எதை, எதற்கு?

பறவை பார்ப்பவர்களுக்கான இணையதளங்கள் ஏராளம். பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகும் கழற்றிவிட முடியாமல் நிற்பவை ஆறேழுதான். அவை எல்லாமே இலவசம். ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்குத்தான் ஒழுங்காகப் பதில் சொல்லும். வேறு கேள்வியை அதனிடம் கேட்டால் தப்பான பதில் வரும், அதுவும் மிகுந்த நம்பிக்கையோடு வரும்.

முதல் இடம் இ-பேர்டுக்கு. பறவை பார்ப்போர் எங்கே, எப்போது, எதைப் பார்த்தோம் என்று பட்டியல் போட்டு அனுப்பும் தளம் இது. கார்னெல் பறவையியல் ஆய்வகமும் அமெரிக்காவின் ஆடுபான் சங்கமும் 2002இல் தொடங்கியது. "இந்த இடத்தில், இந்த மாதத்தில் என்ன பறவை இருக்கும்?" என்பதுதான் இதனிடம் கேட்க வேண்டிய கேள்வி. வேடந்தாங்கல், பள்ளிக்கரணை, கூந்தன்குளம் என்று எந்த இடத்தைத் தேடினாலும் பட்டை வரைபடம் ஒன்று கிடைக்கும். மாதத்துக்கு நான்கு வாரம் என்று பிரித்து, தடித்த பட்டையென்றால் அடிக்கடி பதிவாகிறது, மெல்லிய பட்டையென்றால் எப்போதாவது என்று காட்டும். ஒரு வாரத்தில் போதிய பட்டியல்களே இல்லையென்றால் அந்தக் கட்டம் சாம்பல் நிறமாக இருக்கும். அதைப் பார்த்து 'பறவை இல்லை' என்று முடிவு கட்டக்கூடாது. அந்த வாரத்தில் ஆள் போகவில்லை, அவ்வளவுதான். நகரத்தையும் நெடுஞ்சாலையையும் ஒட்டிய ஏரிகளுக்குத் தரவு குவிந்து கிடக்கும். உள்ளூர்க் கண்மாய்களுக்குக் காலியாக இருக்கும்.

தனிப் பறவையின் வரைபடத்தில் முதலில் ஊதா நிறக் கட்டங்கள் தெரியும். நன்றாகப் பெரிதாக்கினால் ஊசிக் குறிகளாக மாறும். சிவப்பு என்றால் கடந்த 30 நாளுக்குள் பார்த்தது, நீலம் என்றால் அதற்கு முந்தையது. பயணத்துக்குத் திட்டமிடும்போது சிவப்பை மட்டும் நம்பினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். வலசைப் பறவைக்கு அது சரிதான். ஊரோடு இருக்கும் ஆந்தை வகைகளுக்கு நீலக் குறியும் சமமாகவே பயன்படும்.

பட்டியல் போடுவதில்தான் தவறுகள் அதிகம். கடைசியில் ஒரு கேள்வி வரும்: அடையாளம் காண முடிந்த எல்லாப் பறவைகளையும் இதில் சேர்த்துவிட்டீர்களா? 'எல்லாவற்றையும் அடையாளம் கண்டீர்களா' என்று இதைப் புரிந்துகொண்டு, ஒரு கதிர்க்குருவி பிடிபடவில்லை என்பதற்காக 'இல்லை' என்று போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தேவையில்லை. இன்னொரு பக்கம், காக்கையையும் மைனாவையும் எழுதச் சோம்பி விட்டுவிட்டு 'ஆம்' என்று போடுகிறார்கள். இதுதான் பெரிய சேதம். எத்தனை சதவீதப் பட்டியல்களில் ஒரு பறவை வருகிறது என்ற கணக்கு முழுப் பட்டியல்களை மட்டும் வைத்தே போடப்படுகிறது. காக்கையை எழுதாமல் 'ஆம்' சொன்னால், அந்த ஏரியில் காக்கை குறைந்துவிட்டதாக ஒரு பொய் பதிவாகிறது.

நேரம் குறைந்தது 15 நிமிடம் இருக்கட்டும். எண்ண முடியாத கூட்டமென்றால் தோராயமாகவாவது ஓர் எண் போடுவது நல்லது. 'இருந்தது, எண்ணவில்லை' என்பதற்கான பெருக்கல் குறியைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளலாம். போன வழியே திரும்பி வந்தால் ஒருவழித் தூரத்தை மட்டும் எழுத வேண்டும். இ-பேர்டின் செயலி தானாக அளந்து வைத்த தூரத்தை அனுப்பும் முன் ஒருமுறை சரிபார்க்கவும். சென்னையில் கிளம்பி வேடந்தாங்கல்வரை காரில் பார்த்ததையெல்லாம் ஒரே பட்டியலாக்கி, வேடந்தாங்கல் பெயரில் போடுவது வேண்டவே வேண்டாம். இடம் மாறும்போது பட்டியலும் மாறட்டும்.

எது எது தனி இனம் என்ற வகைப்பாட்டை ஆண்டுக்கொருமுறை புதுப்பிப்பார்கள். அப்போது நாம் பார்த்த இனங்களின் மொத்த எண்ணிக்கை ஒரே இரவில் கூடும் அல்லது குறையும், பதற வேண்டியதில்லை. உண்ணிக்கொக்கை மேற்கு, கிழக்கு என்று இரண்டு இனங்களாக 2023இல் பிரித்தார்கள். நம் வயல்களில் மாட்டுக்குப் பின்னால் நடப்பது கிழக்கு இனம். பழைய பதிவுகளை அவர்களே பெரும்பாலும் மாற்றிவிடுவார்கள். ஆனாலும் சொந்தத் தரவை வருடத்துக்கொருமுறை மொத்தமாக இறக்கி வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். அதற்கான வசதி கணக்குப் பக்கத்திலேயே உண்டு. அரிய பறவை பதிவானால் தளம் அனுப்பும் மின்னஞ்சலை மணிக்கொருமுறை என்று வைக்காமல் நாளுக்கொருமுறை என்று வைத்தால் வேலை ஓடும்.

குரலுக்கு ஸெனோ-கான்டோ, பறவை ஒலிப்பதிவுகளைச் சேர்த்து வைக்கும் தளம். 2005இல் தென் அமெரிக்கப் பறவைகளுக்காகத் தொடங்கி இன்று உலகம் முழுக்கப் பரந்துவிட்டது. வெட்டுக்கிளி, தவளை, வௌவால் ஒலிகளும் சேர்ந்துவிட்டன. மேம்பட்ட தேடலில் நாடு, ஒலிவகை, தரம் மூன்றையும் கட்டாயம் நிரப்பவும். பறவைக்கும் வட்டார வழக்கு உண்டு. ஐரோப்பியப் பதிவைக் கேட்டுப் பழகிய காது நம் காட்டில் தடுமாறும். தரம் ஏ முதல் ஈ வரை. எல்லோரும் ஏ தரத்தையே தேடுவார்கள். படிப்பதற்கு சி தரமும் உதவும் என்பது என் கட்சி: தூரம், காற்று, பின்னணிச் சில்வண்டு எல்லாம் கலந்து, களத்தில் கேட்பதற்கு அதுதான் நெருக்கம்.

ஒவ்வொரு பதிவோடும் வரும் ஒலிப்படத்தை, அதாவது சுருதியின் ஏற்றஇறக்கத்தைக் கோடுகளாகக் காட்டும் படத்தைக் கவனிக்காமல் போகிறவர்கள் பாதிப் பயனை இழக்கிறார்கள். அக்கா குயில் சுருதி ஏறிக்கொண்டே கத்துவது அதில் படிப்படியாகத் தெரியும். கதிர்க்குருவிகளுக்கு இது இன்னும் முக்கியம். குளிர்காலத்தில் மலைப்பக்கம் வரும் இரண்டு பச்சைக் கதிர்க்குருவி இனங்களைக் கண்ணால் பிரிப்பது பெரும்பாடு. ஒன்றின் அழைப்பொலி இரண்டு அசை, மற்றதற்கு மூன்று. காதுக்கு வேகமாக ஓடிவிடும் அந்த வேறுபாடு ஒலிப்படத்தில் இரண்டு மேடு, மூன்று மேடு என்று கண்ணுக்கு நேராக நிற்கும்.

உரிம வரியையும் படித்துவிடவும். 'மாற்றம் கூடாது' என்ற உரிமம் உள்ள ஒலியைக் காணொளியின் பின்னணியில் சேர்ப்பதும் மாற்றமாகவே கருதப்படும். பதிவைக் காட்டுக்குள் ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கும் வேலைக்கு இந்தத் தளத்தைப் பயன்படுத்தாதீர்கள். கூடு கட்டும் காலத்தில் பறவை அதை எல்லைச் சண்டை என்று நம்பி, முட்டையை விட்டுவிட்டு வந்து நிற்கும்.

மெர்லின் செயலியின் ஒலி அறிதல் வேறு வகை: குரலைக் கேட்டு அதுவே பறவையின் பெயரைச் சொல்லும். நம் பகுதிக்கான பறவைத் தொகுப்பை முன்கூட்டியே இறக்கிவிட்டால் முண்டந்துறைபோல சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். அது திரையில் காட்டும் பெயர் ஒரு துப்பு மட்டுமே. துடுப்புவால் கரிச்சான் பத்துப் பறவைகளின் குரலை அடுத்தடுத்து எடுத்துவிட்டால் பத்துப் பெயரும் வரிசையாக ஏறும். பெயரைப் பார்த்து, பறவையைத் தேடிக் கண்டு, பிறகே பட்டியலில் எழுத வேண்டும். ஒலிப்பதிவு கோப்பாகத் தங்குவது இதன் பெரிய நன்மை. அதை இ-பேர்டில் ஏற்றும் முன் குரலுக்கு முன்னும் பின்னும் 3 விநாடி விட்டு வெட்டி, உச்ச ஒலியளவை மைனஸ் 3 டெசிபெலுக்குக் கொண்டுவந்தால் போதும். சத்தத்தை வடிகட்டும் வசதிகளைத் தொட வேண்டாம்.

இறகு மாற்றத்தில் சந்தேகம் என்றால் பறவைப் படங்களின் களஞ்சியமான மெக்காலே நூலகம். அங்கே இனத்தைத் தேர்ந்துவிட்டு மாதத்தால் வடிகட்டவும். கையேட்டில் உப்புக்கொத்திகளுக்குக் குளிர்கால உடை, இனப்பெருக்க உடை என்று இரண்டு படம்தான் இருக்கும். மார்ச் மாதம் கோடியக்கரையில் நிற்பது இரண்டுக்கும் நடுவில் இருக்கும். மார்ச், ஏப்ரல் என்று வடிகட்டினால் அந்த நடுநிலைப் படங்களே வந்து விழும்.

'முன்பு இங்கே இருந்ததா?' என்ற கேள்விக்கு பல்லுயிர் மரபு நூலகம் என்ற பி.எச்.எல். தளம். 1886இல் தொடங்கிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழின் பழைய தொகுதிகள் அங்கே வருடி வைக்கப்பட்டுள்ளன. வெர்னே என்பவர் பெயரில் நடந்த கிழக்குத் தொடர்ச்சி மலை ஆய்வின் பறவைக் கட்டுரைகள் 1930களில் வெளியானதும் அந்த இதழில்தான். இன்றைய பெயரில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. அறிவியல் பெயர்கள் மாறிவிட்டன. தஞ்சாவூர் டேஞ்சூராகவும் திருநெல்வேலி டின்னவெல்லியாகவும் கிடக்கும். முதலில் பறவைப் பெயர்களைத் தொகுத்து வைத்திருக்கும் அவிபேஸ் தளத்தில் இனத்தைத் திறந்து பழைய பெயர்களை எடுத்துக்கொண்டு, அவற்றை இங்கே போடவும். முழுத் தொகுதியையும் இறக்கினால் கோப்பு கனக்கும். வேண்டிய பக்கங்களை மட்டும் தேர்ந்து இறக்க வசதி உண்டு.

பறவைகள் இன்று கூடுகின்றனவா குறைகின்றனவா என்பதற்கு 'இந்தியப் பறவைகளின் நிலை' தளம். 2023 அறிக்கை 942 இனங்களை மதிப்பிட்டது. 178 இனங்களுக்கு உயர் முன்னுரிமை தந்தது. மயிலும் குயிலும் கூடியிருக்கின்றன, பனங்காடை குறைந்திருக்கிறது. வரைபடக் கோட்டைச் சுற்றியிருக்கும் மங்கலான பட்டையைப் பார்க்காமல் கோட்டை மட்டும் பகிர்கிறார்கள். பட்டை அகலமாக இருந்தால் கணிப்பு அவ்வளவு உறுதியில்லை என்று பொருள்.

பொழுதுபோக்குக்கு இ-பேர்டின் படப் புதிர். இடமும் தேதியும் கொடுத்தால் அங்கே அப்போது வரக்கூடிய பறவைகளின் 20 படங்களையோ குரல்களையோ கேள்வியாக வைக்கும். டிசம்பரில் கோடியக்கரைக்குப் போவதாக இருந்தால் நவம்பரிலேயே அந்த இடத்தையும் டிசம்பர் தேதியையும் கொடுத்து ஆடிப் பாருங்கள். குரல் புதிர் படப் புதிரைவிடக் கடினம். படங்கள் சில மங்கலாக, பாதி மறைந்து வரும். அவை அப்படியே ஏற்றப்பட்டவை. ஆடும்போதே அவற்றுக்கு நட்சத்திர மதிப்பும் போட்டுவிடலாம்.