பணம் ஏறும் முன் ஸ்டெம்ஸைக் கொடுத்துவிட்டேன்: சிறு படங்களுக்கு இசையமைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

சாலிகிராமத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இயங்கும் சிறிய படத் தயாரிப்பு நிறுவனத்திடம் 2,50,000 ரூபாயைப் பறிகொடுத்துவிட்டு நேற்றிரவு வீடு திரும்பினேன். பெயரைச் சொல்லப் போவதில்லை.

பேசியது 3,00,000, பேக்கேஜ். அதாவது நான்கு பாடல்கள், பின்னணி இசை, பாடகர் சம்பளம், ஒலிப்பதிவுக்கூட வாடகை, மிக்ஸிங் எல்லாம் என் தலையில். அட்வான்ஸாக வந்த 50,000, ஆறு வயலின் கலைஞர்களையும் ஒரு புல்லாங்குழல் கலைஞரையும் அழைத்த நாளிலேயே கரைந்தது. வாத்தியக்காரர்களுக்கு அன்றன்றே கொடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் தொழில் வழக்கம். இசையமைப்பாளருக்கு மட்டும் அது ஏன் பொருந்துவதில்லையோ!

ஆர்.ஆர்., அதாவது பின்னணி இசைப் பதிவு, முடிந்த மாலை, தயாரிப்பாளர் என் அறையில் அமர்ந்து, தாய் இறக்கும் காட்சிக்கான இசையைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “தம்பி, எங்கம்மா ஞாபகம் வந்துவிட்டது” என்றார். நான் உருகிப்போனேன். அதே மூச்சில், நாளை தணிக்கைக்கு அனுப்ப வேண்டும், திங்கட்கிழமை பணம் கணக்கில் ஏறிவிடும், வாத்தியம் வாத்தியமாகப் பிரித்த ஒலிக்கோப்புகளான ஸ்டெம்ஸை மட்டும் இப்போதே போட்டுக் கொடுங்கள் என்றார். காலி ஹார்ட் டிஸ்க்கைக் கையோடு கொண்டுவந்துதான் அவர் அழுதார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

திங்கட்கிழமை கேட்டபோது, சார் லொகேஷன் பார்க்கப் போயிருப்பதாக மேனேஜர் சொன்னார். பிறகு சாட்டிலைட் உரிமை விற்றதும் என்றார்கள், பிறகு ஓடிடி. படம் நான்கே நாளில் தியேட்டரை விட்டுப் போனபின், “எனக்கே கோடியில் நஷ்டம், நீங்கள் 2,50,000க்கு வந்து நிற்கிறீர்களே” என்று தயாரிப்பாளரே சலித்துக்கொண்டார். நேற்று மேனேஜர், அறிமுகம் கொடுத்ததற்கு நான்தான் அவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று சிரித்தார். எனக்கு இது மூன்றாவது படம்.

ஒப்பந்தத்தில் ராயல்டி உட்பட அனைத்தையும் விட்டுக்கொடுப்பதாக ஒரு வரி இருந்தது. திரையரங்கில் படத்தோடு ஒலிப்பது நீங்கலான பயன்பாடுகளுக்குரிய ராயல்டிப் பங்கை அப்படி எழுதிக்கொடுத்துவிட முடியாது என்று 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் சொல்வதைக் கையெழுத்திட்ட பின்பே படித்தேன். ஆனால் பாட்டு ஓடினால்தானே ராயல்டி? 2,50,000 என் கூலி. அதை அந்தத் திருத்தம் வாங்கித் தராது.

விரிவாக அறிவுரை எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. பாட்டு, ஆர்.ஆர்., மிக்ஸிங் எனத் தவணை பிரித்து எழுதி வாங்குங்கள். வாத்தியச் செலவைப் பேக்கேஜில் ஏற்காதீர்கள். பணம் ஏறும்வரை நடுநடுவே பீப் ஒலி வைத்த டிராக்கை மட்டும் கொடுங்கள். மிக்ஸிங் செய்தவருக்கு நான் இன்னும் 18,000 தர வேண்டும்; இதை எழுதுவதற்குள் இரண்டு முறை அழைத்துவிட்டார்.