கரையானுக்கு யாரைக் கூப்பிடுவது: பெரிய நிறுவனமா, உள்ளூர்க்காரரா, மருந்துக் கடை ஆளா?

டெல்டாவில் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்குக் கரையான் புதிதல்ல. களிமண் ஈரத்தை எளிதில் விடாது. ஐப்பசி அடைமழையில் கிணற்று நீர் கிட்டத்தில் ஏறி வந்துவிடும். கீழே அந்த ஈரம், மேலே தேக்கு நிலையும் பனஞ்சட்டமும் நெல் பத்தாயமும். கரையானுக்கு வேறென்ன வேண்டும்? சுவரோரத்தில் மண் கோடு ஏறியிருப்பதைப் பார்த்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, யாரைக் கூப்பிடுவது என்பதுதான்.

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை வட்டாரத்தில் இதற்குப் பொதுவாக மூன்று வழிகள் உண்டு. பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் பெரிய நிறுவனம் ஒன்று. உரிமம் எடுத்து, இரண்டு மூன்று ஆட்களோடு தானே வேலை பார்க்கும் உள்ளூர்க்காரர் இன்னொன்று. மூன்றாவது, உர மருந்துக் கடையில் சொல்லி வைத்தால் மறுநாள் காலையில் முதுகுத் தெளிப்பானோடு வாசலில் வந்து நிற்கும் ஆள். கும்பகோணத்தை அடுத்த எங்கள் பூர்வீக வீட்டுக்கு மூன்று தரப்பையும் அழைத்துப் பேசினோம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய வீட்டுக் கரையானுக்கு உரிமம் உள்ள உள்ளூர்க்காரர்தான் சரி. புது வீடு, அடுக்குமாடி, சமையலறைக் கரப்பான் என்றால் பெரிய நிறுவனம் நன்றாகவே செய்கிறது. மருந்துக் கடை ஆளை வீட்டுக்குள் விடவே வேண்டாம். எலி தனிக் கதை. அதைப் பிறகு பார்ப்போம்.

வந்து பார்த்த விதம்

பெரிய நிறுவனத்திலிருந்து வந்த இளைஞர் பணிவானவர். சீருடை, அடையாள அட்டை எல்லாம் ஒழுங்காக இருந்தன. அறை அறையாக டேப் பிடித்துச் சதுர அடியைக் குறித்துக்கொண்டார். அன்று மாலையே மதிப்பீடு வந்துவிட்டது. ஆனால் மச்சுக்கு ஏறவில்லை, பத்தாயத்தை நகர்த்தச் சொல்லவில்லை. அவருக்குத் தேவைப்பட்டது பரப்பளவு மட்டும்.

உள்ளூர்க்காரர் ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் ஒவ்வொரு நிலையையும் அடியிலிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே போனார். கொல்லைக் கதவின் நிலையில் ஓர் இடத்தில் ஓசை மாறியது. கம்பியின் முனையை வைத்து லேசாக அழுத்தினார். பெயிண்டைத் துளைத்துக்கொண்டு விரல் நீளம் உள்ளே போயிற்று. வெளியே எடுத்தபோது முனையில் ஈர மண் ஒட்டியிருந்தது. வெளியில் பார்த்தால் அந்த நிலை நேற்றுப் போட்டது போலத்தான் இருந்தது.

பிறகு உள்ளறைக் கட்டிலின் காலடியில் கிடந்த வெளிர்நிறத் தூளை அம்மா காட்டினார். உள்ளூர்க்காரர் அதை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "அம்மா, இது கரையான் இல்லை, உளுப்பூச்சி. கரையான் மண்ணைக் கொண்டுவந்து அடைக்கும். இது மாவு மாதிரி தூளைத் தள்ளும். இதற்குத் தரையில் துளை போட்டுப் புண்ணியமில்லை, மரத்துக்குத்தான் மருந்து ஏற்ற வேண்டும்" என்றார். இந்த வேறுபாடு தெரியாதவரிடம் வேலையைக் கொடுத்தால், பணம் தரைக்குப் போகும், கட்டில் உளுத்துக்கொண்டே இருக்கும். நீங்கள் யாரை அழைத்தாலும், உளுத்த மரம் ஒன்று வீட்டில் இருந்தால் அதைக் காட்டி இது என்ன என்று கேட்டுப் பாருங்கள்.

மருந்துக் கடை ஆள் வண்டியை விட்டு இறங்கவில்லை. ஒரு டேங்குக்கு இவ்வளவு என்று சொன்னார், எத்தனை டேங்க் என்று கேட்டார்.

உரிமத்தில் இருக்கும் கண்ணி

"கடையே லைசென்ஸ் கடைதானே, அவர்கள் அனுப்பும் ஆளுக்கென்ன?" என்று பலரும் கேட்கிறார்கள். கடைக்காரரிடம் இருப்பது பூச்சிமருந்தை விற்பதற்கான உரிமம். காசு வாங்கிக்கொண்டு அடுத்தவர் வீட்டில் மருந்தடிப்பதற்கு, 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் வந்த 1971 விதிகளின்படி, தனி உரிமம் வேண்டும். இதற்கென்று வகுத்த பயிற்சியும் உண்டு. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் அதை அளிக்கும் இடங்களில் ஒன்று. ஆகவே யார் வந்தாலும் உரிம நகலைக் கேளுங்கள். அது விற்பனை உரிமமா, பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணிக்கான உரிமமா என்று படித்துப் பாருங்கள். தேதி முடிந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

பெரிய நிறுவனத்திடம் இந்த உரிமம் இருக்கும். ஆனால் வீட்டுக்கு வருகிற ஆள் அந்த நிறுவனத்தின் ஊழியரா, வேலையை உள்குத்தகைக்கு எடுத்தவர் அனுப்பியவரா என்று கேட்பது நல்லது. உள்ளூர்க்காரரிடம் இந்தக் குழப்பம் இல்லை. உரிமத்தில் பெயர் உள்ளவரே டிரில்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இல்லாவிட்டால் பக்கத்தில் நிற்பார். தவறு நேர்ந்தால் அடுத்த வாரம் கடைத்தெருவில் உங்கள் முகத்தில் விழிக்க வேண்டியவர் அவர். எனக்கு இது பெரிய உத்தரவாதமாகப் படுகிறது.

வயலுக்கு அடிப்பவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. சம்பா, குறுவை முழுவதும் கையுறைகூட இல்லாமல் அந்த நஞ்சைச் சுமப்பவர்கள் அவர்கள். அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை என்பது எனக்கு வருத்தம். ஆனால் நேற்று களைக்கொல்லி கலந்த அதே டேங்க்தான் இன்று உங்கள் சமையலறைக்கு வருகிறது. பயிருக்கென்று பதிவான மருந்து வீட்டுக்குள் அடிக்க உகந்ததல்ல. 2020 இறுதியோடு நாடு முழுவதும் தடைசெய்யப்பட்ட டைக்ளோர்வாஸைக்கூட இன்னும் பெயர் சொல்லிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். "பழைய மருந்து இருக்கிறது, ஒரே அடியில் எல்லாம் செத்துவிடும்" என்று யாராவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

மருந்துக் கணக்கு

ஏமாற்று அதிகம் நடப்பது இங்கேதான், பெரிய கம்பெனி, சின்ன ஆள் என்ற வேறுபாடு இல்லாமல். கட்டி முடித்த கட்டடத்தில் கரையான் தடுப்பு எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு ஐஎஸ் 6313 என்ற இந்தியத் தர நெறி இருக்கிறது. அதன் 3ஆம் பகுதி இதற்கானது. தரையும் சுவரும் சேரும் மூலையில் 12 மில்லிமீட்டர் துளைகளை, ஏறத்தாழ 30 சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் போட வேண்டும். ஒவ்வொரு துளையிலும் மண் குடிக்கிற வரை, அதிகபட்சம் 1 லிட்டர் கலவையை அழுத்திச் செலுத்த வேண்டும்.

இதை வைத்து நீங்களே கணக்குப் போடலாம். 10க்கு 12 அடி அறையின் சுற்றளவு 44 அடி. அடிக்கு ஒரு துளை என்றால் 44 துளைகள், 44 லிட்டர் கலவை வரை ஆகும். குளோர்பைரிபாஸ் 20 சதவீத மருந்தை 1 சதவீதக் கரைசலாக்க, 1 லிட்டருக்கு 19 லிட்டர் தண்ணீர். அப்படியானால் அந்த ஓர் அறைக்கே 2 லிட்டருக்கு மேல் மருந்து போகலாம். ஒரே ஒரு லிட்டர் டப்பாவோடு வந்து வீடு முழுவதையும் முடித்துவிட்டுப் போகிறவர் என்ன செய்துவிட்டுப் போகிறார் என்று இப்போது தெரிகிறதல்லவா? இமிடாகுளோபிரிட் 30.5 சதவீத மருந்தென்றால் 0.075 சதவீதக் கரைசல். அதே அறைக்கு ஏறக்குறைய 100 மில்லி போதும். விலை கூடுதல், ஆனால் மண்ணெண்ணெய் போன்ற நெடி இல்லை. கரையானால் அதை மோப்பம் பிடித்து விலகிப் போக முடியாது. மருந்து பட்ட மண்ணிலேயே நடந்து, மற்றவற்றுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். குடியிருக்கிற வீட்டுக்கு நான் இதைத்தான் கேட்பேன்.

பெரிய நிறுவனத்தின் மதிப்பீட்டில் மருந்தின் பெயரும் விகிதமும் அச்சடித்து வந்தன. இது அவர்களுக்கு நல்ல மதிப்பெண். உள்ளூர்க்காரர் வாய்வார்த்தையாகச் சொன்னார், கேட்டதும் பில்லிலேயே எழுதிக் கொடுத்தார். யாரானாலும் சீல் உடைக்காத டப்பாவை உங்கள் கண் முன்னால் திறக்க வேண்டும். தொகுதி எண்ணையும் காலாவதித் தேதியையும் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

களிமண் மருந்தை மெதுவாகத்தான் குடிக்கும். ஒரு துளையில் ஊற்றிவிட்டு அடுத்ததற்குப் போய், திரும்ப வந்து மீண்டும் ஊற்ற வேண்டும். இந்தப் பொறுமை நாளைக்கு நான்கு வீடு முடிக்க வேண்டிய ஆளிடம் இருக்காது. எங்கள் வீட்டில் சிவப்புச் சிமெண்டுத் தரை. துளைகளை எதை வைத்து மூடுவீர்கள் என்று கேட்டோம். வெள்ளைச் சிமெண்டு என்றது நிறுவனம். உள்ளூர்க்காரர் சிமெண்டோடு காவியைக் கலந்து, தரையின் மூலையில் ஒரு பொட்டு வைத்து, காய்ந்த பிறகு நிறம் பொருந்துகிறதா பாருங்கள் என்றார்.

கிணறும் காலமும்

உள்ளூர்க்காரர் கேட்ட முதல் கேள்வியே "கிணறு எங்கே இருக்கிறது?" என்பதுதான். அடிபம்பு, மாட்டுக் கொட்டகை, மீன் விட்ட தொட்டி, கைக்குழந்தை என்று வரிசையாகக் கேட்டார். நீர்மட்டம் மேலே இருக்கும் ஊரில் சுவரோரத்தில் லிட்டர் லிட்டராக நஞ்சை இறக்குகிறோம். கிணற்றை ஒட்டிய சுவரில் துளை போடாமல் விடுவது, மரத்துக்கு மட்டும் மருந்து ஏற்றுவது என்று அவர் பிரித்துச் சொன்னார். கேட்காமலே வேலையைத் தொடங்குகிறவர் எவ்வளவு பெரிய பெயர் வைத்திருந்தாலும் எனக்கு வேண்டாம்.

மழையிலும், ஈரம் ஊறிய மண்ணிலும் இந்த வேலையைச் செய்யக் கூடாது என்பதும் நெறியில் உள்ளதுதான். ஆகவே டெல்டாவில் இதற்குச் சரியான காலம் மாசியிலிருந்து வைகாசி வரை. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12க்கு முன்னால் முடித்துவிட்டால் நல்லது. கார்த்திகையில் போன் செய்தபோது நிறுவனம் நாளைக்கே ஆள் அனுப்புகிறோம் என்றது. உள்ளூர்க்காரர் தை அறுவடை முடியட்டும், தரை காயட்டும் என்றார். வருகிற வருமானத்தைத் தள்ளிப்போடச் சொல்கிறவரை நம்பலாம்.

விலையில் மருந்துக் கடை ஆள் மிக மலிவு, நிறுவனம் அதிகம், உள்ளூர்க்காரர் நடுவில். உத்தரவாதம் நிறுவனத்திடம்தான் எழுத்தில் தெளிவாக இருந்தது. ஆனால் தரையை இடித்தாலோ, குழாய்க் கசிவு இருந்தாலோ அது செல்லாது என்ற வரி பின்பக்கத்தில் இருக்கும். அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். உள்ளூர்க்காரரிடமும் எத்தனை முறை திரும்ப வந்து பார்ப்பார் என்று எழுதி வாங்குங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்க வேண்டியதில்லை.

கரப்பானுக்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம். கீல் இடுக்கில் பொட்டு வைக்கும் ஜெல் முறையைக் கேளுங்கள். அதோடு தெளிப்பு மருந்தையும் சேர்த்து அடித்தால் கரப்பான் ஜெல் பக்கம் வராது. இதை நிறுவனங்கள் சுத்தமாகச் செய்கின்றன.

எலி

சம்பா அறுவடை முடிந்ததும் வயல் எலிகள் வைக்கோல் போருக்கும் வீட்டுக்கும் வருகின்றன. இங்கேதான் நான் மூன்று தரப்பையும் தள்ளி நிற்கச் சொல்வேன். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனம் ஒன்று வீட்டுக்குள் எலி மருந்து வைத்துவிட்டுப் போன இரவில், ஏசி போட்டு உறங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். அதைப் படித்த பிறகு நிறுவனம் என்ற பெயருக்காகவே நம்புவது எனக்குக் கூடாத காரியமாகிவிட்டது. நெல் மூட்டைக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை நச்சு வாயுவை வெளியிடுவது. அந்த நஞ்சுக்கு முறிமருந்தே கிடையாது. அதைக் கையாள மத்தியப் பயிர்ப் பாதுகாப்பு ஆலோசகரின் ஒப்புதல் பெற்ற வல்லுநரின் மேற்பார்வை வேண்டும். குடியிருக்கும் வீட்டுக்குள் அதை யார் கொண்டுவந்தாலும் அனுமதிக்காதீர்கள். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையைத் தமிழ்நாடு அரசே தடை செய்திருக்கிறது.

மருந்துக்குப் பதிலாக வீட்டுக்குள் கூண்டுப் பொறி வையுங்கள், வரப்பில் மூங்கிலை வளைத்துச் செய்த தஞ்சாவூர்க் கிட்டிப் பொறி. கிட்டி வைப்பவர்கள் இன்னும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். வளையில் புதிதாகத் தள்ளிய மண்ணைப் பார்த்தே எதில் எலி இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். கொல்லையையும் போரையும் ஒட்டிய இடங்களுக்கு அவர்களைக் கூப்பிடுங்கள், கேட்கிற கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். ஓட்டுக்கும் சுவருக்கும் இடையிலான சந்துகளைக் கொத்தனாரை வைத்து அடைத்துவிடுங்கள். சுண்டெலி நுழையச் சுண்டுவிரல் அளவு இடைவெளி போதும். செத்த எலியை வெறுங்கையால் எடுக்க வேண்டாம், எலிக்காய்ச்சல் அபாயம் உண்டு.