வியாழனா செவ்வாயா: 2027 பிப்ரவரியில் எதை வரைவது?

2027 பிப்ரவரியில் வியாழனும் செவ்வாயும் சில நாள் இடைவெளியில் சூரியனுக்கு நேரெதிரே வருகின்றன. வியாழன் 11ஆம் தேதி வாக்கில், செவ்வாய் 19ஆம் தேதி. சீனப் புத்தாண்டை ஒட்டிய வறண்ட நாட்கள் அவை. பினாங்கில் மழை குறைவாக இருக்கும் காலம். டெலஸ்கோப்பும் பென்சிலும் வைத்திருப்பவர்கள் இரவை எதற்குக் கொடுப்பது?

அளவில் வியாழன்தான். அப்போது அதன் வட்டு 45 விகலை (ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு) இருக்கும். செவ்வாய் 14 விகலைகூட வராது. வெறுங்கண்ணுக்கு நிலா தெரியும் அளவில் வியாழனைப் பார்க்க 40 மடங்கு உருப்பெருக்கம் போதும், செவ்வாய்க்கு 130 வேண்டும்.

ஆனால் வியாழன் காத்திருக்காது. 10 மணி நேரத்துக்குள் ஒரு சுற்று முடித்துவிடும். 15 நிமிடத்தில் 9 பாகை நகர்ந்திருக்கும். அதனால் முதலில் மேகப் பட்டைகளைப் போட்டு, பெரும் சிவப்புப் புள்ளி என்ற ராட்சதப் புயலின் இடத்தைக் குறித்துவிட்டு, நிழலை அப்புறம் தீட்டலாம். துருவங்களில் அது தட்டை என்பதால் நீள்வட்டத்தை முன்பே வரைந்து வைத்திருங்கள்.

செவ்வாய்க்கு ஒரு சுற்று 24 மணி 37 நிமிடம். அரை மணி நேரம் நிதானமாக வரையலாம். மறுநாள் அதே மணிக்குப் பார்த்தாலும் கிட்டத்தட்ட அதே முகம்தான். சந்தேகமாக விட்ட இடத்தைச் சரிபார்க்கலாம். மறுபக்கம் வரத்தான் வாரக்கணக்கில் ஆகும்.

என் ஓட்டு செவ்வாய்க்கே. வியாழனில் நாம் வரைவது மேகம், செவ்வாயில் நிலம். 1659இல் டச்சு வானியலாளர் ஹைகன்ஸ் வரைந்த சிர்ட்டிஸ் மேஜர் என்ற கரும்பகுதி இன்றும் அங்கேயே இருக்கிறது, அதை உங்கள் கையாலும் வரையலாம். இந்த முறை வட துருவப் பனியும் நம் பக்கம் சாய்ந்திருக்கும். ஆனால் சின்ன வட்டு கண்ணை ஏமாற்றும். 1877இல் இத்தாலிய வானியலாளர் ஸ்கியாபரெல்லி செவ்வாயில் நேர்கோடுகளைக் கண்டார். 1909இல் பாரிஸ் அருகே மூதோனில், 83 செ.மீ. தொலைநோக்கியில் வானியலாளர் அந்தோனியாடி பார்த்தபோது அவை திட்டுத்திட்டாகப் பிரிந்துபோயின. அதனால் செவ்வாயின் வரைபடத்தைப் பக்கத்தில் விரித்துக்கொண்டு வரையாதீர்கள். கண்டதை வரைந்து முடித்த பிறகு ஒப்பிடுங்கள்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு ஒன்று. இரவு 1.30 வாக்கில் இரண்டும் கிட்டத்தட்ட உச்சிக்கு வந்துவிடும், பால்கனிக் கூரை மறைக்கும். கிழக்குப் பார்த்த பால்கனி என்றால் 10 மணியிலிருந்து 11 வரை வசதி; மற்றவர்கள் கீழே கார் நிறுத்துமிடத்துக்கு இறங்கலாம். ஏர்கோன் வெளிப்பெட்டியின் சூடு செவ்வாயைத்தான் முதலில் குலைக்கும், முன்கூட்டியே அணைத்துவிடுங்கள்.