முக்கால் வயலினுக்குப் பிறகு எது?

மகளுக்குப் பன்னிரண்டு வயது. முக்கால் அளவு வயலினில் நாலு வருடம் ஓடிவிட்டது. வட இலங்கை சங்கீத சபையின் மூன்றாம் தரப் பரீட்சை முடிந்த கையோடு ரீச்சர் சொல்லிவிட்டா: "இனி முழு வயலின் எடுங்கோ. ஆனா அவசரப்பட்டுக் கடைக்கு ஓடாதேங்கோ."

அவ அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நாலு வருடத்துக்கு முன் நாங்கள் அப்படித்தான் ஓடினோம். கொழும்பில் ஒரு கடையில் பளபளவென்று இருந்ததை எடுத்து வந்தோம். மூன்றாவது வாரம் பார்த்தால் பிள்ளையின் விரல் நுனியெல்லாம் கறுப்பு. விரற்பலகை கருங்காலி இல்லை, சாதாரண மரத்துக்குக் கறுப்புச் சாயம். நாலு வருடமும் துடைத்துத் துடைத்தே வாசித்தாள்.

இந்தமுறை கையில் மூன்று வயலின்கள் சேர்ந்தன. ஒன்று, தொழிற்சாலையில் செய்த புதிய செட். யமஹா வீ5, ஸ்டென்டர் ஸ்டூடன்ட் 2 என்ற வரிசையில் வருகிற வகை; பெட்டி, வில், வில்லுக்குப் பூசுகிற ரோசின் எல்லாம் உள்ளேயே இருக்கும். இரண்டாவது, என் மச்சாள் சென்னையிலிருந்து கொண்டுவந்தது. ஒரு சிறிய பட்டறையில் கையால் செதுக்கியது, பேர் சொல்லக்கூடிய கம்பனி இல்லை. மூன்றாவது பம்பலப்பிட்டியில் ஒரு வீட்டில் தாத்தா காலத்திலிருந்து கிடந்த ஜெர்மன் வயலின். அதற்குக் கேட்ட காசுக்குப் புதிய செட் இரண்டு வாங்கலாம்.

அளவு பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் சம்மணமிட்டு, வயலினின் தலைப்பக்கச் சுருளை வலது காலில் ஊன்றி வாசிப்பதால் பெரிய வயலினையும் சின்னப் பிள்ளை சமாளிக்கும் என்பார்கள். பாரம் குறையுமே தவிர, கை நீளாது. சுருளை உள்ளங்கையால் சுற்றிப் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். முழங்கை இலேசாக வளைந்தே இருந்தால் முழு அளவுக்குப் போகலாம். கை நீட்டி விறைத்தால் இன்னும் ஒரு வருடம் பொறுக்க வேண்டும். அந்த ஒரு வருடத்துக்காக விலை கூடிய முக்கால் வயலின் வாங்குவது வீண் என்பது என் கருத்து.

ஒரு சனிக்கிழமை மூன்றையும் வெள்ளவத்தையில் ரீச்சர் வீட்டுக்குக் கொண்டுபோனோம். கடற்கரைப் பக்கம் வீடு. ரயில் போகும்போதெல்லாம் நிறுத்திப் பொறுத்திருக்க வேண்டும். அவ முதலில் செய்த வேலை, மூன்றையும் இரண்டரைக் கட்டைக்கு, அதாவது 'ச' மேலைத்தேய டி ஷார்ப்பில் நிற்க, சுருதி சேர்த்தது. கடையில் வாசித்துக் காட்டும்போது மேலைத்தேய முறையில் முறுக்கித்தான் காட்டுவார்கள். நாங்கள் இரண்டரைக் கட்டையில் ச-ப-ச-ப என்று வைத்தால் முதல் தந்தி அதைவிட ஆறு அரைச்சுரம் கீழே இறங்குகிறது, நாலாம் தந்தி நாலு அரைச்சுரம். தந்தி தளர்ந்தால் அதே வயலின் வேறு ஆளாகிவிடும். கடையில் கேட்ட நாதத்தை நம்பி வாங்கி, வீட்டில் ஏமாறுகிற இடம் இதுதான்.

"சுவரைப் பாருங்கோ. காதால மட்டும் கேளுங்கோ," என்றா. நானும் மகளும் திரும்பி நின்றோம். ஒவ்வொன்றிலும் வெறும் தந்தி நாலையும் நீள இழுத்துவிட்டு, தோடி ராகத்தின் காந்தாரச் சுரத்தை மட்டும் ஆட்டிக் காட்டினா. எது எந்த வயலின் என்று தெரியாது.

தொழிற்சாலை வயலின் ஒழுங்கான பிள்ளை. மேல் தந்திகள் தெளிவு, தந்தி முறுக்குகிற பிருடை வழுக்கவில்லை, சேர்த்த சுருதி நின்றது. ஆனால் நாலாம் தந்தி தளர்ந்ததும் தகரம் மாதிரி ஆகிவிட்டது. மேலைத்தேயப் பரீட்சைக்கு நின்று வாசிக்கிற பிள்ளை என்றால் யோசிக்காமல் இதையே எடுக்கலாம். அந்தச் சுருதிக்காகவே செய்தது.

சென்னை வயலின் நேர்மாறு. நாலாம் தந்தியில் மந்திர ஷட்ஜம், அதாவது கீழ் 'ச', நிறைந்து நின்றது, சுரத்தை ஆட்டுகிற கமகத்தில் நாதம் அறவில்லை. குறையும் கண்ணுக்கு முன்னால் இருந்தது. தந்திகளைத் தாங்குகிற குதிரை அளவுக்கு மிஞ்சிய உயரம். விரற்பலகையின் முடிவில் முதல் தந்திக்கு மூன்றரை மில்லிமீற்றர், நாலாம் தந்திக்கு ஐந்தரை அளவில் இடைவெளி இருந்தால் போதும். இதில் முதல் தந்திக்கே ஐந்துக்கு மேல். மகள் பத்து நிமிடம் வாசித்துவிட்டு விரலை ஊதினாள். ஆனால் குதிரை செதுக்கக்கூடிய சாமான். அதற்காக ஒரு வயலினைத் தள்ளக் கூடாது.

ஜெர்மன் வயலினை ரீச்சர் வாசித்தபோது, அவ நிறுத்தும்வரை எங்களில் ஒருவரும் திரும்பவில்லை. அவ்வளவு சொன்னால் போதும். உள்ளே எட்டிப் பார்த்தால் 'அன்டோனியஸ் ஸ்ட்ராடிவேரியஸ்' என்று ஒரு சீட்டு. யாரும் மயங்க வேண்டாம். ஸ்ட்ராடிவாரி 1737இல் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு சக்சனியின் மார்க்நொய்கிர்சன் பக்கத்தில் வீடு வீடாக ஒருவர் சுருளும் இன்னொருவர் உடலும் செய்து ஆயிரக்கணக்கில் ஏற்றுமதி செய்த வயலின்களில் இந்தச் சீட்டு சாதாரணம். சீட்டின் கீழே 'மேட் இன் ஜெர்மனி' என்றும் இருந்தது. இறக்குமதிச் சாமானில் நாட்டின் பெயர் வேண்டும் என்று பிரித்தானியா சட்டம் கொண்டுவந்தது 1887இல். ஆகவே வயலினுக்கும் கிட்டத்தட்ட அதற்குப் பிந்திய வயதுதான். பொய்ச் சீட்டு என்பதற்காக வயலின் கூடாதென்று இல்லை, விலையை மட்டும் சீட்டைப் பார்த்துப் போடக் கூடாது.

அப்புறம் ரீச்சர் விரல் மொட்டியால் ஓரம் முழுக்கத் தட்டிக்கொண்டு போனா. ஓரிடத்தில் சத்தம் மாறிக் கலகலத்தது, ஒட்டு விட்டிருந்தது. வயலினை ஒட்டுவது விலங்குப் பசையால். கொழும்பின் ஈரக்காற்றுக்கும் வெக்கைக்கும் அது இளகும். ஒட்டு விடுவது பெரிய வியாதி இல்லை, திரும்ப ஒட்டலாம். ஆனால் குதிரையின் கால் பக்கம், உள்ளே மேல்பலகையைத் தாங்குகிற நாதத் தூண் நிற்கிற இடத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பும் தெரிந்தது. அந்த இடத்து வெடிப்புக்குச் செலவும் கூட, நம்பிக் கொடுக்கக் கை தேர்ந்த ஆளும் வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை பாடசாலை வான் வண்டியில் கொண்டு திரிகிற சாமான் அது இல்லை.

சென்னை வயலினைத்தான் எடுத்தோம். குதிரையை இறக்கி, தந்தி நாலையும் மாற்றினோம், ஒவ்வொன்றாக. நாலையும் ஒன்றாகக் கழற்றினால் நாதத் தூண் விழுந்துவிடும், அதை நிமிர்த்த இன்னொரு நாள் அலைய வேண்டும். விமானத்தில் வந்தபோது மச்சாளிடமும் தந்தியை அரைச் சுற்றுக்கு மேல் தளர்த்த வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தேன்.

மிச்சக் காசு வில்லுக்குப் போனது. இதில் நான் பிடிவாதம். செட்டோடு வருகிற வில் பெரும்பாலும் நடுவில் துள்ளும். நாங்கள் மூன்று வயலினையும் ஒரே வில்லால், ரீச்சரின் வில்லால், வாசித்துப் பார்த்ததும் அதற்காகத்தான். கார்பன் ஃபைபர் வில் எடுத்தோம். ஈரக்காற்றில் மரம்போல வளையாது, பிள்ளை காலால் தட்டினாலும் முறிவது குறைவு. பழைய முக்கால் வயலினில் அதைப் போட்டு இழுத்தபோது அதுவே பாதி திருந்திவிட்டது. அளவு இன்னும் பொருந்துகிற பிள்ளை என்றால், வில்லையும் தந்தியையும் மாற்றிவிட்டு ஆறு மாதம் பார்க்கச் சொல்வேன்.

பம்பலப்பிட்டி வீட்டில் அந்த ஜெர்மன் வயலின் இன்னும் விற்கப்படவில்லையாம். மகள் இரண்டு தரம் கேட்டுவிட்டாள்.