பலெர்மோ பேராலயம்: கூரைக்கும் ஒரு ரிக்கெற் எடுங்கள்

திருகோணமலையிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க இத்தாலியின் பலெர்மோ நகருக்குப் போகிறவர்கள், அந்நகரின் காவல் புனிதையான சாந்த ரொசாலியாவின் மலைக்கு ஏறாமல் வருவதில்லை. நகரத்துப் பேராலயத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் "வெளியில்தான் வடிவு, உள்ளே ஒன்றுமில்லை" என்பார்கள். பாதி உண்மை.

பள்ளிவாசலாக இருந்த இடத்தில் சிசிலித் தீவை நோர்மன் அரசர்கள் ஆண்ட காலத்தில், 1185இல் எழுந்த கோயில் இது. 1781இல் தொடங்கி இருபது வருடம் ஃபுகா என்ற கட்டடக் கலைஞரின் திட்டப்படி உட்புறத்தை அடியோடு மாற்றி, மேலே ஒரு குவிமாடத்தையும் ஏற்றினார்கள். கட்டட வரைபடம் போட்டே பிழைத்தவன் நான். அண்ணன் தொப்பியைத் தம்பி தலையில் கவிழ்த்த மாதிரித்தான் அது எனக்குப் பட்டது.

ஆனால் தெற்கு வாசல்! கூரிய வளைவுகள் மூன்று. இடப்பக்கத் தூணில் குர்ஆன் வசனம், அரபு எழுத்தில் அப்படியே இருக்கிறது. பழைய கோணேசர் கோயில் கல்லில் மீனும் தமிழ் எழுத்தும் நிற்கிற திருகோணமலைப் பிரெட்றிக் கோட்டை வாசலால் போய்வருகிறவனுக்கு அந்தத் தூணைச் சும்மா கடக்க முடியுமா? மருமகள் இரண்டுதரம் கூப்பிட்ட பிறகுதான் நகர்ந்தேன்.

உள்ளே போகக் காசில்லை. ரொசாலியாவின் வெள்ளிப் பேழையைக் கும்பிடலாம். தரையில் பித்தளைக் கோடு ஒன்று ஓடுகிறது, பக்கத்தில் பளிங்கில் பதித்த இராசிகள். சீரீஸ் என்ற குறுங்கோளைக் கண்டுபிடித்த வானியலாளர் பியாற்சி 1801இல் அமைத்தது. கூரைத் துவாரத்தால் வரும் வெயில் உச்சிப்பொழுதில் கோட்டில் விழும். கோடையில் அது ஒரு மணியளவில். பன்னிரண்டுக்கே போய்க் காத்து நிற்காதீர்கள்.

அரசர் கல்லறைகளுக்கும் கூரைக்கும் காசு கட்ட வேண்டும். பேரரசர் இரண்டாம் ஃபிரெட்ரிக்கின் செந்நிறக் கல்பெட்டி கம்பீரம்தான், ஐந்து நிமிடம் போதும். அவர் மனைவி கொன்ஸ்தான்சா அரசியின் மணிமுடியும் அங்கே இருக்கிறது, நகைப் பிரியர்களுக்குப் பிடிக்கும்.

என் காசு செரித்தது கூரையில். ஓடு பதித்த சின்னக் குவிமாடங்கள் கைக்கெட்டும் தூரத்தில் வரிசையாக நிற்கும். தெருவுக்கு மேலால் மணிக்கோபுரத்தைப் பிடித்து நிற்கும் வளைவுகளையும் மேலே நின்று பார்த்தால்தான் விளங்கும். அப்புறம் மலை, நகரம் எல்லாம். சுழல்படி ஒடுக்கம், தோள் முட்டும். முழங்கால் வருத்தக்காரர் கீழேயே இருங்கள். மற்றவர்கள் கைப்பையைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, தொப்பியோடு ஏறுங்கள். மேலே நிழல் கிடையாது.